பேட்டரியைப் பழிக்கும் முன் வயரைப் பாருங்கள்

டிராக்டர் டிரெய்லரில் ஒரு பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் வைத்துக்கொண்டு, மின் இணைப்பு இல்லாத நிலத்தில் சிறிய மோட்டார் ஓட்டுகிற விவசாயிகள் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். எங்களுக்கு அடிக்கடி வரும் தொல்லை ஒன்று உண்டு. இரவெல்லாம் சார்ஜ் ஏற்றி, காலையில் நிலத்துக்குக் கொண்டுபோய் மோட்டாரைப் போட்டால், இன்வெர்ட்டர் 'கீ கீ' என்று கத்தும். சிவப்பு விளக்கு எரியும். 'லோ பேட்டரி' என்று சொல்லி நின்றுவிடும். உடனே நாம் செய்வது என்ன? பேட்டரி போய்விட்டது என்று முடிவுகட்டி, கடைக்கு ஓடிப் புது பேட்டரிக்குப் பணம் எண்ணிக் கொடுக்கிறோம்.

இந்த முடிவு பல சமயம் தவறானது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். குற்றம் பேட்டரியில் இல்லாமல், அதிலிருந்து புறப்படும் வயரிலும் அதன் இணைப்பிலும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டரும் அரை மணி நேரப் பொறுமையும் போதும்.

எனக்கு நேர்ந்தது

எங்கள் ஊர் அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பம். 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கிய பிறகு சுற்றுவட்டார நிலமெல்லாம் படிப்படியாக மனைகளாயிற்று. 2011-ல் அம்பத்தூர் பகுதி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. குடியிருப்பது இங்கே என்றாலும், நான் கீரை போடுவது ஆவடிக்கு மேற்கே குத்தகைக்கு எடுத்த முக்கால் ஏக்கரில். பம்புசெட்டுகளுக்கு இலவச மின்சாரம் 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் அனைவருக்கும் வந்தது உண்மைதான். ஆனால் இணைப்பே இல்லாத குத்தகை நிலத்துக்கு அந்த இலவசம் எப்படி வரும்? குட்டையிலிருந்து தண்ணீர் எடுக்கக் கால் குதிரைத்திறன் மோட்டார், விடியற்காலையில் கீரை பறிக்க இரண்டு விளக்கு, இவற்றுக்காக டிரெய்லரில் 150 ஆம்பியர்-மணி பேட்டரியும் 900 வி.ஏ. இன்வெர்ட்டரும் வைத்தேன். டிரெய்லர் என்னுடையது. இழுப்பது தம்பியின் சிறிய டிராக்டர்.

ஒன்றரை வருடம் ஒழுங்காக ஓடியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் டிரெய்லர் இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. அதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான் இந்தக் கத்தல் ஆரம்பமாயிற்று. விளக்கு எரியும், மோட்டாரைப் போட்டால் நின்றுவிடும். பேட்டரிக் கடைக்காரர் மீட்டரை வைத்துப் பார்த்தார். 12.6 வோல்ட் காட்டியது. "வோல்ட்டேஜ் இருக்கு, ஆனா லோடு தாங்கல. பேட்டரி போச்சு" என்றார். லோடு கொடுத்து அவர் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்ல எனக்கும் தெரியவில்லை. வீட்டிலிருந்த நகையை அடகு வைத்து, பதினைந்தாயிரம் ரூபாயை நெருங்கிய விலையில் புது பேட்டரி வாங்கினேன். பழையதைக் கழிவு விலைக்கு எடுத்துக்கொண்டார்.

புது பேட்டரியை வைத்து மோட்டாரைப் போட்டேன். முதல் நாள் ஓடியது. நான்காம் நாள் அதே கத்தல், அதே சிவப்பு விளக்கு.

அன்று கீரைக்கட்டு ஏற்றிக்கொண்டிருந்த என் மனைவிதான், டிரெய்லரின் ஓரமாகப் போகும் வயரில் கை பட்டதும் இழுத்துக்கொண்டு, "ஏங்க, இந்த வயர் ஏன் இப்படிச் சுடுது?" என்று கேட்டாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் தெருவில் இருக்கும், தொழிற்சாலையில் எலக்ட்ரீசியனாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் சிரித்தார். "தம்பி, வியாதியை உன் வீட்டுக்காரி கையால் தொட்டுக் காட்டியிருக்கு. நீ போய் பேட்டரியை மாத்தியிருக்க" என்றார்.

தலைமடையும் கடைமடையும்

அவர் விளக்கியதை நம் பாஷையில் சொல்கிறேன். தலைமடையில் தண்ணீர் நிறைய விழுகிறது. வாய்க்கால் குறுகல், தூர் வாரவில்லை, நடுவில் நண்டு வளை வேறு. கடைமடை வயலுக்குத் தண்ணீர் எட்டவில்லை. அதற்காகக் கிணற்றில் தண்ணீர் இல்லை என்று யாராவது சொல்வார்களா? பேட்டரி தலைமடை. வயர் வாய்க்கால். இன்வெர்ட்டர் கடைமடை. இன்வெர்ட்டருக்குத் தன் முனையில் வந்து சேரும் வோல்ட்டேஜ் மட்டுந்தான் தெரியும். பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. தன்னிடம் வருவது சுமார் 10.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், பேட்டரி தீர்ந்துவிட்டது என்று எண்ணி நின்றுவிடும். பெரும்பாலான 12 வோல்ட் இன்வெர்ட்டர்கள் இப்படித்தான் அமைக்கப்படுகின்றன. அந்த நிறுத்தம் பேட்டரியைக் காப்பதற்காக வைத்த நல்ல ஏற்பாடு. அதைக் குறை சொல்ல முடியாது.

வயரில் வோல்ட்டேஜ் குறைவது எதனால்? மின்சாரம் அதிகமாக ஓடினால் குறைவும் அதிகம், வயர் மெலிந்தால் அதிகம், நீண்டால் அதிகம். 1827-ல் ஜெர்மனியில் ஓம் என்ற ஆசிரியர் எழுதிவைத்த விதி இதுதான். வீட்டில் 230 வோல்ட்டில் 400 வாட் வேலைக்கு 2 ஆம்பியருக்கும் குறைவாகவே ஓடும். அதே 400 வாட்டை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுத்தால், இன்வெர்ட்டரின் சொந்தச் செலவும் சேர்ந்து, 40 ஆம்பியர் அளவில் ஓட வேண்டும். வீட்டு வயரைப் பார்த்த கண்ணுக்கு 4 சதுர மில்லிமீட்டர் வயர் பெரியதாகத்தான் தெரியும். 40 ஆம்பியருக்கு அது ஒற்றையடிப் பாதை.

கணக்கைப் பாருங்கள். என் டிரெய்லரில் பேட்டரி முன்பக்கம், இன்வெர்ட்டர் பின்பக்கம். இடையே 3 மீட்டர். போக வர 6 மீட்டர் செம்பு வயர். 40 ஆம்பியர் ஓடும்போது 4 சதுர மி.மீ. வயரில் மட்டும் சுமார் 1.1 வோல்ட் போய்விடும். 6 சதுர மி.மீ. என்றால் முக்கால் வோல்ட். 25 சதுர மி.மீ. என்றால் 0.2 வோல்ட்டுக்கும் குறைவு. இது ஓட்டத்தில் இருக்கும்போது. மோட்டார் கிளம்பும் நொடியில் அது பல மடங்கு மின்சாரம் இழுக்கும். வயரில் விழும் குறைவும் அதே மடங்கு பெருகும். விளக்கு எரிகிறது, மோட்டார் போட்டால் மட்டும் நிற்கிறது என்றால் இதுவே முதல் சந்தேகமாக இருக்க வேண்டும்.

சோதனை செய்யும் முறை

பெரியவர் நான்கு 100 வாட் குண்டு பல்புகளை ஒரு பலகையில் மாட்டிக் கொண்டுவந்தார். மோட்டார் கிளம்பும் நொடியை மீட்டரில் பிடிக்க முடியாது. பல்பு நின்று எரிவதால் நிதானமாக அளக்கலாம் என்பது அவர் யோசனை. பல்புகளை இன்வெர்ட்டரில் எரியவிட்டு, பேட்டரியின் இரண்டு முனைகளில் அளந்தார்: 12.2 வோல்ட். அதே நேரத்தில் இன்வெர்ட்டரில் வயர் சேரும் இரண்டு முனைகளில் அளந்தார்: 10.7 வோல்ட். ஒன்றரை வோல்ட் வழியிலேயே போகிறது. இதில் வயரின் பங்கு 1.1, மீதி லக்குகளில். நெகட்டிவ் லக்கைக் கழற்றினால் உள்ளே பச்சை பூத்து, செம்பு இழைகள் பாதி அற்றுக் கிடந்தன. மழைத்தண்ணீர் செய்த வேலை. புது பேட்டரி மூன்று நாள் ஓடியதும், கடைக்காரர் மாட்டும்போது லக்கைத் திருகி இறுக்கியதால்தான்.

நீங்களும் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில், லோடு இல்லாமல் சில மணி நேரம் ஓய்ந்திருக்கும் பேட்டரியை அளவுங்கள். 12.6-க்கு மேல் என்றால் நிறைவு. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழ் என்றால் சார்ஜே இல்லை. ஏற்றிவிட்டு வந்து மற்றதைப் பாருங்கள்.

இரண்டாவது, பல்பு லோடு கொடுத்து மேலே சொன்னபடி இரண்டு இடத்திலும் அளவுங்கள். பேட்டரி முனையில் 12-க்கு மேலும், இன்வெர்ட்டர் முனையில் அதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைவாகவும் இருந்தால், குற்றம் வழியில்தான்.

மூன்றாவது, எந்த வயர் என்று பார்க்க வேண்டும். லோடு ஓடும்போதே மீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும், மறு கம்பியை இன்வெர்ட்டரின் பாசிட்டிவ் முனையிலும் வையுங்கள். காட்டுவது அந்த ஒரு வயரில் போகும் நஷ்டம். நெகட்டிவ் பக்கமும் அப்படியே. எந்தப் பக்கம் கால் வோல்ட்டைத் தாண்டுகிறதோ அந்தப் பக்கத்து லக்கு, போல்ட், பியூஸ் ஒவ்வொன்றையும் பாருங்கள். சுடுகிற இடம் கையிலேயே தெரியும். ஆனால் லோடை நிறுத்திவிட்டுத் தொடுங்கள்.

நான்காவது, பேட்டரி முனையிலேயே லோடு கொடுத்த சில நிமிடங்களில் 11-க்குக் கீழே இறங்கினால், அப்போது பேட்டரியைச் சந்தேகிக்கலாம். முழுச் சார்ஜுக்குப் பின் ஹைட்ரோமீட்டரால் ஆறு அறைகளையும் பாருங்கள். ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட 50 புள்ளி குறைந்திருந்தால் அந்த அறை கெட்டது.

ஐந்தாவது, இன்வெர்ட்டர் முனையில் 12 வோல்ட் நின்றும் அது 'லோ பேட்டரி' என்று கத்தினால், அப்போதுதான் இன்வெர்ட்டரைப் பழுதுபார்க்கக் கொடுக்க வேண்டும். இது கடைசிப் படி. நம்மவர்களில் பலர் இதையோ நான்காவதையோ முதல் படியாக வைத்துக்கொள்கிறோம்.

கொக்கியை நம்பாதீர்கள்

டிரெய்லருக்கே உரிய கோளாறு ஒன்று உண்டு. டிராக்டர் ஓடும்போது டிரெய்லர் பேட்டரியும் சார்ஜ் ஆகட்டும் என்று ஒரே ஒரு பாசிட்டிவ் வயரை இழுத்துவிட்டு, நெகட்டிவுக்கு இரும்புச் சட்டத்தையும் கொக்கியையும் நம்பி விடுகிறார்கள். கொக்கியில் பெயின்ட், துரு, சேறு, கிரீஸ். குலுங்கக் குலுங்க இணைப்பு வந்து வந்து போகும். டிராக்டர் ஓடுகையில் டிரெய்லர் பேட்டரி முனையில் அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். டிராக்டர் பேட்டரியில் 14 இருந்து டிரெய்லரில் 13 தான் காட்டுகிறது என்றால், அது ஒருபோதும் நிறையாது. அரைச் சார்ஜிலேயே நாட்கணக்கில் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். நல்ல பேட்டரி அப்படித்தான் கெடுகிறது. நெகட்டிவுக்கும் தனி வயர் போடுவது உத்தமம்.

இன்னொன்று. 150 ஆம்பியர்-மணி பேட்டரி பாதி காலியானால், நிரப்புவதற்கு 20 ஆம்பியர் வீதம் நாலைந்து மணி நேரம் ஆகும். சந்தைக்குப் போகும் அரை மணி ஓட்டத்தில் நிறைந்துவிடும் என்று எண்ணுவது வீண் ஆசை. வீட்டுக்கு வந்ததும் சார்ஜரில் போட்டுவிட வேண்டும்.

என் டிரெய்லரில் செய்த மாற்றம்

இன்வெர்ட்டரைப் பின்பக்கத்திலிருந்து எடுத்து, பேட்டரிக்கு ஒரு மீட்டர் தூரத்தில், நடுவே பலகைத் தடுப்பு வைத்துப் பொருத்தினோம். 25 சதுர மி.மீ. செம்பு வயர் போட்டோம். லக்குகளைச் சுத்தியால் தட்டாமல், அதற்குரிய கருவியால் அழுத்தினோம். பேட்டரி முனைகளை ஆப்ப சோடா கரைத்த நீரால் துடைத்துக் காயவைத்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினோம். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் தகுந்த பியூஸ் வைத்தோம். பின்பக்கம் மோட்டார் வரை நீளமாகப் போவது இப்போது 230 வோல்ட் வயர். 12 வோல்ட் பக்கம் குட்டையாக, 230 வோல்ட் பக்கம் நீளமாக: இந்த ஒரு வரியை மனத்தில் வைத்தால் போதும். மறுபடி நான்கு பல்பு எரியவிட்டு அளந்தால், பேட்டரியில் 12.2, இன்வெர்ட்டரில் 12.1. செலவு ஆயிரத்துச் சொச்சம். மோட்டார் அன்று முதல் நிற்கவில்லை. கழிவு விலைக்குப் போன என் பழைய பேட்டரி அநேகமாக நல்ல பேட்டரிதான் என்ற வருத்தம் மட்டும் மிச்சம்.

எச்சரிக்கை இரண்டு. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து தீப்பற்றக்கூடிய வாயு வெளிவரும். மூடிய பெட்டிக்குள் காற்றில்லாமல் வைக்காதீர்கள்; பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. இணைப்புகளைத் தொடுமுன் மோதிரம், வாட்ச்சைக் கழற்றிவிடுங்கள். இன்வெர்ட்டரிலிருந்து வெளிவருவது 230 வோல்ட். ஈர வயலில் வெறுங்காலோடு நிற்கும் நமக்கு அது உயிர்ப் பகை. ஒட்டுப்போட்ட வயரும் பிய்ந்த பிளக்கும் கூடவே கூடாது. மோட்டாருக்கு எர்த் வயரும், கசிவு கண்டால் மின்சாரத்தை நிறுத்தும் பாதுகாப்பு சுவிட்சும் தெரிந்த எலக்ட்ரீசியனைக் கொண்டு போட்டுக்கொள்ளுங்கள்.

யார் செய்ய வேண்டும்?

கடைக்காரர்களை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. நம் பக்கமும் தவறு இருக்கிறது. இன்வெர்ட்டருக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, வயரில் இருநூறு ரூபாய் குறைக்கச் சொல்கிறோம். டிஸ்டில்ட் வாட்டருக்குப் பதில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுகிறோம். மாதக்கணக்கில் காலிப் பேட்டரியை மூலையில் போட்டுவைக்கிறோம். இவற்றால் கெட்ட பேட்டரியைக் கடைக்காரர் தலையில் கட்ட முடியாது.

ஆனால் விற்பவர் செய்ய வேண்டிய கடமை ஒன்று உண்டு. இன்ன இன்வெர்ட்டருக்கு, இத்தனை மீட்டர் தூரத்துக்கு, இத்தனை சதுர மி.மீ. வயர் என்று பில்லிலேயே எழுதித் தர வேண்டும். பேட்டரி போயிற்று என்று சொல்லுமுன் லோடு கொடுத்து இரண்டு முனையிலும் அளந்து காட்ட வேண்டும். அளந்து காட்டாதவரிடம் நாம் பணம் கொடுக்கக் கூடாது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உரக் கடையில் மூட்டை எடையைச் சரிபார்ப்பதைப் போன்றதே இது.

அரசுத் துறைகளுக்கும் ஒரு வேண்டுகோள். வேளாண்மைப் பொறியியல் துறை இயந்திரங்களுக்கு மானியம் தருகிறது. இயந்திரத்தோடு அதைச் சோதிக்கும் அறிவையும் தந்தால் மானியம் இரட்டிப்புப் பலன் தரும். திரூரிலுள்ள வேளாண் அறிவியல் நிலையம் நம் திருவள்ளூர் மாவட்ட விவசாயிகளுக்குப் பயிற்சி தருகிறது. அங்கே ஒரு நாள் மல்டிமீட்டர் பயிற்சி வைக்கலாம். அம்பத்தூரில் அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. அந்த மாணவர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு மீட்டரோடு வந்து விவசாயிகளின் பேட்டரியையும் வயரையும் பார்த்துச் சொன்னால், அவர்களுக்கும் பயிற்சி, நமக்கும் லாபம். சுற்றிலும் இத்தனை தொழிற்சாலைகள் இருந்தும், பக்கத்து விவசாயி ஒரு பச்சை பூத்த லக்குக்காக நகையை அடகு வைக்கிறான் என்றால் அது நம் எல்லோருக்கும் குறைதான்.

கடைசியாக ஒன்று. பேட்டரி நிஜமாகவே ஆயுள் முடிந்து போனால், பழையதை விற்றவரிடமே ஒப்படைத்து உரிய விலையைக் கழித்துக்கொள்ளுங்கள். ஈயம் விஷம். வீட்டில் உடைக்கவோ, வரப்போரம் கொட்டவோ கூடாது.

ஒரு மல்டிமீட்டரின் விலை சில நூறு ரூபாய்தான். மண்வெட்டி, கதிர் அரிவாளோடு அதையும் ஒன்றாக வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இனி இன்வெர்ட்டர் கத்தினால், பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடாமல், முதலில் லோடை நிறுத்தி வயரைத் தொட்டுப் பாருங்கள். பிறகு மீட்டரை எடுங்கள். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் நாம் முதலில் வாய்க்கால் கரையோரம் நடந்து பார்ப்பவர்கள்தானே? இங்கேயும் அப்படியே நடந்து பார்ப்போம்.